இரும்புக் கட்டில்

— "ஐயா வந்தா எதுல ஒக்கார வைப்ப, மலரு?" அப்புடித்தாங்க றீட்டா எங்கிட்ட கேட்டா. அந்த ஒரு கேள்வியிலதான் எல்லாம் நாசமாப் போச்சு, குமாரசிங்கம் ஐயா. தேயிலத் தோட்டத்து லயத்துல எவ வீட்லங்க கதிரை இருக்கு?

— உன்ர வீட்டில இருந்தது. நான்தானே அதில இருந்தனான்.

— அது கங்காணி வீட்டுக் கதிரைங்க. நீங்க போன கையோட திருப்பிக் குடுத்தாச்சு.

— இஞ்ச பார், அற்புதமலர். இந்தக் கந்தோர் ஜன்னலுக்கு முன்னால வாற எல்லாரும் இதைத்தான் சொல்லுறது. உதவிப்பணம் வேணுமெண்டு எழுதிப் போடுறது. நான் பதுளையில இருந்து லுணுகலை மட்டும் பஸ்ஸில வந்து, மலையும் ஏறிப் பாக்கிறது. பார்த்ததை எழுதினால் பிறகு சண்டைக்கு வாறது. விளங்குதே?

— வெளங்கலைங்க. என்னா எழுதுனீங்க? அதையே இன்னொரு தடவ சொல்லுங்க. நான் போயி லயத்துல சொல்லணும்.

— "வசதியாக இருக்கிறார். உதவி தேவையில்லை." கதிரை, இரும்புக் கட்டில், மெத்தை, பீரிசோட கோப்பை, உடம்பில நல்ல சேலை. எனக்கு முட்டையும் அவிச்சுத் தந்தனீ. பசியில கிடக்கிற மனிசி முட்டை அவிச்சுக் குடுப்பாளோ?

— குடுப்பா. வீட்டுக்கு வந்தவுகளை வெறுந்தண்ணி குடுத்தா அனுப்புறது? மேட்டு லயத்துல போயிக் கேட்டு வாங்குன முட்டைங்க அது. நீங்களும் வேணாம்னு சொல்லல.

— வாயைக் கொஞ்சம் அடக்கு.

— அன்னைக்குக் கதிரையில இருந்தப்ப என்னை 'அம்மா'ன்னீங்க, 'நீங்கள்'னீங்க. இன்னைக்கு ஜன்னல்ல நிக்கிறப்ப 'நீ'ங்கிறீங்க. அந்த மரியாத எனக்கில்ல, கதிரைக்குத்தான்னு இப்பத்தான் தெரியுது.

— நீ சண்டைக்கு வந்தனியோ, விசயத்துக்கு வந்தனியோ?

— விசயத்துக்குத்தாங்க. போன வருசம் எங்க லயத்து மாணிக்கராஜ் கேட்டு எழுதுனாரு. வேற ஒரு ஐயா வந்தாரு. ஒக்கார எடமில்ல, பக்கத்துல சாக்கடைக் கான் நாத்தம். லேஞ்சிய மூக்குல பொத்திக்கிட்டு வாசல்லயே நின்னாரு. உள்ள எட்டிக்கூடப் பாக்கல. பொறகு வர்றேன்னு போனவருதான். மாணிக்கராஜ் செத்து, மாதா கோயில்ல அவருக்குப் பூசையும் வச்சாச்சு. அதான் இந்தத் தடவ வர்ற ஐயாவ உள்ள கூட்டியாந்து ஒக்கார வைக்கணும்னு லயமே ஓடுச்சு. கதிரை கங்காணி வீடு. கோப்பை, பீரிசு நஸீர் நானா கடை.

— சரி. கட்டில்?

— அதுங்க...

— அக்கம்பக்கத்துல வாங்குனதுங்க ஐயா.

— ஆரது பின்னுக்கு நிண்டு கதைக்கிறது?

— இவதாங்க றீட்டா. எனக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கா. வந்ததுல இருந்து என் முதுகுக்குப் பின்னாலயே நிக்கிறா. முன்னுக்கு வாயேன்டி. தோட்டத்துல தொரைகிட்டயே வாய் காட்டுறவ, இங்க வந்து பதுங்குற.

— பதுங்கலடி. தலவலி. நீயே பேசு, நல்லாத்தான் பேசுற.

— இது கோவத்துல வர்ற பேச்சுடி. கோவம் தீந்துச்சுன்னா எனக்கு நாக்கு எழும்பாது. அதுக்குள்ள நீ சொல்லு, எனக்கு ஒண்ணுமில்லன்னு.

— மாதா சத்தியமா இவளுக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா. இழுப்பு வந்து மல ஏற முடியல, தோட்டத்துல பேர வெட்டிட்டாங்க. புருசனும் இல்ல, புள்ளையும் இல்ல. காலையில ஒரு வீட்டு ரொட்டி, ராத்திரி இன்னொரு வீட்டுச் சோறு. நாங்க குடுத்தாத்தான் உண்டு.

— அது உங்கட நல்ல மனசு. நான் கேக்கிறது கட்டிலை. ஆரின்ர கட்டில்?

— லயத்துக் கட்டிலுங்க.

— லயத்துக்கெண்டு ஒரு கட்டில் இருக்கோ? எல்லாரும் முறை வச்சுப் படுக்கிறியளோ?

— யாருதா இருந்தா என்னங்க? இவளுது இல்ல. அத எழுதிக்கக் கூடாதா?

— கூடாது. சொந்தக்காரர் வந்து "என்ர" எண்டு சொல்லவேணும். அப்பத்தான் நான் எழுதினதை மாத்தலாம். கதிரையை விடுறன், கோப்பையை விடுறன். கட்டிலும் மெத்தையும் கிடந்த வீட்டுக்குக் குடுத்தால் மேல இருக்கிறவன் என்னைத்தான் பிடிப்பான்.

— இவ்வளவுதானே? சொல்லுடி றீட்டா. ஏன் முழிக்கிற? அது நம்ம...

— மலரு, சும்மா இரு. பஸ்ஸுக்கு நேரமாச்சு.

— பஸ்ஸா? பிரஜாவுரிமைக் காயிதம் கொண்டான்னாங்க, அதுக்கு அலைஞ்சேன். கிராமத்து விதானைகிட்ட கையெழுத்து வாங்குன்னாங்க. தோட்டத்து ஆளு என் பொறுப்பு இல்லைன்னாரு விதானை. தொரைகிட்டப் போனேன். பேரு வெட்டுன ஆளு என் பொறுப்பு இல்லைன்னாரு தொரை. இந்த உதவிப்பணத்தப் பிச்சைச் சம்பளம்னுதான் ஊரே சொல்லுது, அந்தப் பிச்சைக்கே இந்தப் பாடு. இப்ப ஒரு வார்த்தையில முடியப் போகுது, ஒனக்கு பஸ்ஸு பெருசாப் போச்சா?

— நீ கொஞ்சம் முன்னுக்கு வா, பிள்ளை. அந்த முக்காட்டை எடு. நீ அற்புதராஜின்ர மனிசி எல்லே?

— ஆமாங்க.

— பிறகென்ன, தெரிஞ்ச ஆள்தானே. அண்டைக்கு நான் உங்கட வீட்டுக்கும் வந்தனான்.

— இவ வீட்டுக்கா? எப்பங்க ஐயா? நான் கோப்பையக் கழுவிக்கிட்டு நஸீர் நானா கடைக்கு ஓடிட்டேனே.

— உன்ர தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு நேர கடைசிக் காம்பராவுக்குப் போனன். இவையும் கேட்டு எழுதியிருந்தவை. கஸ்டமெண்டால் அதெல்லோ கஸ்டம். நாலு சுவரும் ஒரு அடுப்பும். இடுப்பு முறிஞ்ச இவளின்ர புருசன் வெறும் நிலத்தில சாக்கில கிடந்தான். எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு. அங்கேயே நிண்டு எழுதினனான். வாற மாதம் தொடக்கம் அவைக்கு வரும்.

— சாக்குலயாங்க?

— ஓம். ஈரச் சாக்கு. பொறு, பெரியவர் உள்ளுக்குக் கூப்பிடுறார். வாறன்.

— றீட்டா. என் மூஞ்சியப் பாரு.

— மெதுவாப் பேசு மலரு.

— ஓம் புருசன அவரு தம்பி வீட்டுல படுக்க வச்சிருக்கு, கட்டில் சும்மாத்தான் கெடக்குன்னு சொன்னியே. நான் கேக்கலடி. கதிரை போதும்னேன். மெத்தையையும் நீயேதான் தலையில தூக்கியாந்து போட்ட. நீயும் எழுதிப் போட்டிருக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?

— வெறுங்காம்பராவா இருந்தாத்தான் குடுப்பாங்கன்னு கணக்கப்புள்ள சொன்னாரு. அவ்வளவு பெரிய கட்டில எங்கடி ஒளிக்கிறது? வெளியில மழை. ஒனக்கு எப்புடியும் வந்துரும்னு நெனச்சேன். இழுப்புக்காரி, ஒத்த ஆளு. ஒனக்கு இல்லைன்னா எவளுக்குக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்.

— அப்ப எனக்கு உடுத்திவிட்டியே ஒரு சேலை, ஓங் கல்யாணச் சேலை? கொசுவம் புடிச்சு, பின்னு குத்தி, கன்னத்தைக் கிள்ளிட்டுப் போனியே. ராத்திரியெல்லாம் அழுதேன்டி நான், எனக்கும் ஒருத்தி இருக்கான்னு.

— பொட்டியில இருந்தா... தொறந்து பாத்துருவாங்கன்னு.

— ஓகோ.

— மலரு...

— பேசாத. என்னைக் கொடியாக்கி, அதுல ஓஞ் சேலையக் காயப்போட்டிருக்க.

— என்ன அங்க குசுகுசுப்பு? எனக்கு வேலை கிடக்கு. அற்புதமலர், கடைசியாக் கேக்கிறன். கட்டில் ஆரின்ர? பேரைச் சொல்லு, இப்பவே மாத்தி எழுதுறன்.

— சொன்னா அந்த ஆளுக்கு என்னாங்க ஆகும்?

— அந்த ஆளும் உதவி கேட்டு எழுதியிருந்தால், அதை வெட்டுறதுதான். கட்டில் ஒரு வீட்டில இருக்கத்தானே வேணும்?

— ரெண்டு வீட்லயும் சோறு இல்லைங்க. இருக்குறது ஒரு துருப்புடிச்ச கட்டிலு. அது கண்ணுல பட்ட வீட்டுக்கு இல்லைங்கிறீங்க, படாத வீட்டுக்குக் குடுக்குறீங்க. நீங்க பாக்க வந்தது எங்களையா, கட்டிலையா? கட்டிலத்தான்னா, முன்னாடியே சொல்லியிருந்தா நாங்களே தலையில சொமந்து கொண்டாந்து இந்த வாசல்ல போட்டிருப்போம். நீங்க மல ஏறியிருக்க வேணாம்.

— எனக்கு நியாயம் படிப்பிக்க வேண்டாம். பேரைச் சொல்லு.

— மலரு, அவரு இனி எந்திரிச்சு நடக்க மாட்டாருடி. ஒனக்கே தெரியும்.

— தெரியும். அவரைத் தூக்கி ஈரத்துல போட்டவளுக்கு அது தெரிஞ்சுச்சா?

— தெரிஞ்சுதான்டி போட்டேன். வலியில கத்துனாரு, வாயப் பொத்திக்கிட்டுப் போட்டேன். வேற எப்புடிக் கேக்கச் சொல்ற இவுகள?

— நீங்கள் ரெண்டு பேரும் அங்கால திரும்பி நிண்டு என்ன குசுகுசுக்கிறியள் எண்டு எனக்குக் கேக்கேல்லை. சொல்லு அற்புதமலர், எழுதப்போறன். ஆரின்ர? இந்தா, எங்க போறாய்? இவ்வளவு நேரமும் கத்திப்போட்டு இப்ப வாய் செத்துப்போச்சோ? இந்தா மனிசி, நீ பேசாமப் போனால் கட்டில் உன்ரதெண்டுதான் எழுதுவன். அதோட முடிஞ்சுது, பிறகு இந்த ஜன்னலுக்கு வரக்கூடாது. கேக்குதே? திரும்பியும் பாக்கிறாளில்லை. சரி, எழுதியாச்சு.

— மலரு. ஏய் மலரு. என்னை நாலு வார்த்த திட்டிட்டாவது போடி.