பெட்டியில் ஒரு குழி காலி

— கையை எடுங்க மாமா. புளியும் வேண்டாம், துணியும் வேண்டாம். அதை அப்படியே விட்டுட்டு எழுந்து வாங்க.

— பத்தரைக்குப் பூஜை, செல்வி. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் துலக்கற பீரங்கிக் குண்டுதானே? இன்னைக்கு என்ன புதுசா?

— பெட்டியைத் திறந்ததும் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டேன் இல்ல? என் தம்பி நரேன் இப்பதான் போன் பண்ணான். பட்டாளத்துல வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்க வைக்கறதுதான் அவனுக்கு வேலை. வெறும் பித்தளைக் கூடுன்னா பயமில்லையாம். இதுல வெடிக்க வைக்கற மூக்கு அப்படியே இருக்கு, உள்ள வெடிமருந்தும் இருக்கும்ங்கறான்.

— உன் தம்பி பொறக்கறதுக்கு முன்னாலயே அது இந்த வீட்ல இருக்கு. எங்கப்பா சுபேதார். எழுபத்தொண்ணுல சண்டை முடிஞ்சு, ரெஜிமெண்டே கூடி நின்னு மரியாதையா குடுத்தது. உசிரோட இருக்கற குண்டை எவனாவது பரிசா குடுப்பானா?

— குடுக்க மாட்டாங்க மாமா. அதையேதான் நரேனும் கேட்டான்.

— என்ன கேட்டான்?

— ஒண்ணுமில்ல. ஜல்தி வாங்க. மாடிக்காரங்க, எதிர் ஃப்ளாட் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இறங்கிட்டு இருக்காங்க.

— சொல்லிட்டியா? முப்பது வருஷமா டெல்லியில, இந்த மயூர் விஹார்ல ராஜகோபால் வீடுன்னா ஒரு மரியாதை இருக்கு. போலீஸ் வண்டி கேட்ல நின்னா நான் எந்த முகத்தோட நடக்கறது? ஒரு பையில போட்டுக் குடு. ஆட்டோ பிடிச்சுப் போய் யமுனையில விட்டுட்டு வரேன். உடைஞ்ச சாமி படமெல்லாம் அங்கதானே விடறோம்.

— ஆட்டோவுல, ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரா ஏறி இறங்கி. அச்சா. அந்த ஆட்டோக்காரர் வீட்டுக்கு யார் மாமா பதில் சொல்றது? தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, தண்ணியில போடக்கூடாது. தள்ளிப் போய் நூத்திப் பன்னெண்டுக்குப் போன் பண்ணணும். அவ்வளவுதான்.

— என் பொண்ணு ஸ்வப்னா இப்படி எதிர்த்துப் பேச மாட்டா. நான் சொன்னதை இன்னைக்கு வரைக்கும் தட்டினதில்ல.

— அண்ணி டெல்லியோட அந்தக் கோடியில, துவாரகாவுல இருக்காங்க. இங்க இருந்திருந்தா உங்களைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பாங்க. பாத்து, படி.

— விடு. எனக்கு நடக்கத் தெரியும்.

— இங்க, பார்க்ல இந்த வேப்பமரத்துகிட்ட நில்லுங்க. போலீஸ் லைன்ல இருக்காங்க. எங்கேர்ந்து வந்ததுன்னு கேக்கறாங்க.

— பரிசுன்னு சொல்லு.

— எத்தனைன்னும் கேக்கறாங்க.

— ஒண்ணு.

— மாமா, அந்த மரப்பெட்டியில அச்சுல வார்த்த மாதிரி ரெண்டு குழி இருக்கு. ஒண்ணு காலி.

— அது எப்பவும் காலி.

— இப்ப குண்டை எடுக்க போலீஸ்லேர்ந்து நாலு பசங்க நம்ம வீட்டுக்குள்ள போகப் போறாங்க. நரேன் வயசு இருக்கும். உள்ள இன்னொண்ணு இருக்கறது தெரியாம போனாங்கன்னா? என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

— வீட்ல இல்ல.

— அப்போ?

— எங்கப்பா சண்டைக்கே போகல, செல்வி. சுபேதாரும் இல்ல. பட்டாளத்து ஆயுதக் கிடங்குல எழுத்தர். பெட்டியோட தூக்கிட்டு வந்துட்டார். எனக்குத் தெரியும். உன் புருஷனுக்குக்கூட நான் சொன்னதில்ல. ஆனா செத்த குண்டுன்னுதான் நெனச்சேன்.

— நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ரெண்டாவது எங்க?

— மணி என்ன?

— பத்து இருபத்தஞ்சு. எங்க மாமா?

— தாத்தாவோட வீரத்துக்கு அடையாளம்னு சொல்லி, கல்யாணத்துல சம்பந்தி வீட்டார் முன்னால ஸ்வப்னா கையில குடுத்தேன். போன் போடு. அவளுக்கும் பத்தரைக்குன்னு நான்தான் நேரம் குறிச்சேன். கற்பூரத்தைக் குண்டு மேலயே வெச்சு ஏத்தணும்னு நான்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்.