மலைக்கு வைத்த ஜன்னல்

"ஹலோ... ஹலோ, வேலூருங்களா?... ஜன்னல் பட்டறை தரணேந்திரன்ங்களா?... நான் திருவண்ணாமலையிலேருந்து அருணகிரி பேசறேங்க. வேங்கிக்கால் வீடு... ஆமாங்க, ஆமா. ஜன்னலுக்கு இரும்புல மெல்லிசா சட்டம் கேட்டேனே, அதே ஆளுதான்."

தபால் ஆபீஸ் கூண்டுக்குள் நின்றிருந்தார் அருணகிரி. முக்கால் மணி நேரம் காத்திருந்து கிடைத்த ட்ரங்க் கால், மூன்று நிமிஷம்தான் பேசலாம். ஆனால் அவருக்கு அவசரம் என்ற ஒன்று வரவேயில்லை.

"துரு இல்லீங்க... கண்ணாடியும் உடையல. சட்டம் விரல் தடிமன்தான், நீங்க சொன்னாப்பலயே. மரத்துல போட்டிருந்தா மலையில பாதி மறைஞ்சிருக்கும்... இல்லீங்க, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு இன்னொண்ணு வேணும். அதே அகலம். ஒசரம் மட்டும் ரெண்டடி ஜாஸ்தி, கீழ்ப்பக்கமா... செவுத்த இடிக்கணும், தெரியும்."

ஏன் என்று எதிர்முனையில் கேட்டார் போல. மளிகைச் சாமான் சொல்லும் குரலில் அருணகிரி சொன்னார்.

"வீட்டுக்காரிக்குத்தானே போட்டோம்... ஆமா, ரேணுகாம்பாள். இடுப்புக்குக் கீழ வராது, எந்நேரமும் கட்டில்தான். படுத்தபடியே மலையப் பாக்கட்டும்னுதான்... ம்... தீபத்தன்னிக்குத் தண்ணி கூடக் குடிக்கல. தீபம் பாக்காம வாய்ல எதுவும் வெக்க மாட்டா. ஆறு மணிக்குத் தெருவுல அரோகரான்னு சத்தம். ஜன்னலப் பாத்துக் கும்பிட்டா. தெரியுதான்னேன். நல்லாத் தெரியுதுங்கன்னா. அப்பறந்தான் கஞ்சி குடிச்சா... ஆமா... தெனமும் கேப்பேன். தெனமும் தெரியுதும்பா."

"...பொங்கலுக்கு முன்னாடி போயிட்டா... ம்... ம்... பரவால்லீங்க."

பட்டறைக்காரர் ஏதேதோ ஆறுதல் சொன்னார். அழுகை வந்தால் தேவலை என்றிருந்தது அருணகிரிக்கு. மனசு மரத்துக் கிடந்தது.

"காரியம் முடிஞ்சு, நேத்து அந்தக் கட்டில்ல சும்மா படுத்தேங்க. ஜன்னல்ல வானந்தான் இருக்கு. மலை இல்ல... தலகாணி வெச்சும் பாத்தேன். இல்ல... நின்னுக்கிட்டு அளவு எடுத்திருக்கேன் நான்."

ஆபரேட்டர் குறுக்கே வந்து, நேரம் முடிகிறது என்றாள்.

"சரிம்மா... ஹலோ, இருக்கீங்களா?... யாருக்கா?... யாருக்கும் இல்லீங்க... பென்சில் இருக்கா? எழுதிக்குங்க. தரையிலேருந்து ஒண்ணரை அடியில ஆரம்பிக்கணும்... சரியாத்தான் இருக்கும். இந்த வாட்டி படுத்துக்கிட்டுதாங்க அளந்தேன்... ஹலோ... ஹலோ..."

லைன் அறுந்திருந்தது.