சிவப்புப் பொத்தான்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு ரிமோட்தான், சார். டிவிக்கு ஒன்று, அதில் மாட்டிய, நெட்டில் படம் காட்டும் பெட்டிக்கு ஒன்று என்று இரண்டு இருந்தால் மாமனார் குழம்பிப் போவார். அதனால் டிவி ரிமோட்டில் அழுத்துவதை அந்தப் பெட்டிக்கு அனுப்பிவைக்கும் புரோகிராம் ஒன்றை நானே எழுதினேன். கணபதி ஏரியாவில் வீட்டிலிருந்தபடியே கம்பெனி வேலை பார்க்கிற எனக்கு அது பெரிய காரியமில்லை.

மாமனார் ராசப்பன் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். பஞ்சு மில்லில் உழைத்த நெஞ்சு. இழுப்பு வந்தால் யாராவது நெபுலைசரை மாட்டிவிட வேண்டும். அதற்காகச் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் என் போனில் மணி அடிக்கும்படி வைத்தேன். மாப்பிள்ளையைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவது அவருக்கு மரியாதைக் குறைவு. "பட்டன் இருக்கறது சௌரியமுங்க மாப்ள," என்றார். என் மனைவி செவ்வந்திக்கு அவ்வளவு பெருமை.

பிறகு மணி ஓயவே இல்லை. ஃபேனைக் கூட்ட, ஜன்னலைச் சாத்த. ஒருமுறை மேனேஜர் என்னைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது அடித்தது. ஓடினேன். "சாப்ட்டீங்களாங்க மாப்ள?" என்று கேட்டார். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது, சார். நல்ல மனிதரை எப்படித் திட்டுவது? எரிச்சல் உள்ளுக்குள்ளேயே கிடந்து புழுங்கியது.

ஒரே ஒரு வரியை மாற்றினேன். இனி சிவப்பை அழுத்தினால் போன் அடிக்காது. டிவி சத்தம் ஒரு படி கூடும். ஒன்றுமே நடக்காவிட்டால் ரிமோட் கெட்டுவிட்டது என்று மகளிடம் சொல்லிவிடுவார். சத்தம் கூடினால் தன் விரல்தான் தவறிவிட்டது என்று நினைப்பார். அப்படித்தான் நினைத்தார். சோறு கொண்டுபோனபோது, "கை நடுங்குதுங்க மாப்ள, வேற பட்டன அமுத்திப்போடறேன்," என்று கூச்சத்தோடு சொன்னார். பரவாயில்லை என்றேன்.

வியாழக்கிழமை செவ்வந்தி கோபி டவுனில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். நான் மீட்டிங்கில் இருந்தேன். அடுத்த அறையில் டிவி சத்தம் கூடியது. இன்னும் கூடியது. அவர் எதை அழுத்துகிறார் என்பது என் லேப்டாப்பில் தெரியும். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. காது கேட்காமல் கூட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மீட்டிங் முடிந்து போய்ப் பார்த்தேன். மூச்சு இல்லை. செவ்வந்தி வருவதற்குள் அந்த வரியைப் பழையபடி மாற்றிவைத்தேன்.

"ஒரு சத்தம் குடுத்திருந்தா நீங்க ஓடியிருப்பீங்கல்லங்க?" என்று அவள் அழுதாள். ஆமாம் என்றேன்.

உங்களிடம் அப்படிச் சொல்ல முடியாது. அன்று டிவியில் ஓடிய படத்தில் வசனம் ஓய்ந்த ஓர் இடத்தில், "ஏனுங்க மாப்ள... மூச்சு..." என்று அவர் கூப்பிட்டார். பிறகு "எழிலு" என்றார். கல்யாணமான நாள் முதல் அவர் என் பெயரைச் சொன்னதே இல்லை. நான் எழுந்து போய் என் அறைக் கதவைச் சாத்தினேன்.

ஆனால் ஒன்று, சார். கதவைச் சாத்தியது டிவி சத்தம் தாங்க முடியாமல்தான்.