மானேஜரைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்

— ஷூவை வெளியிலயே விடுங்க மாப்பிள்ளை, உள்ள மூணு வாரக் குட்டிங்க இருக்கு. நாயைக் கேட்டுக்கு அந்தப் பக்கமே கட்டுங்க. என்ன சொன்னீங்க? திருப்பிக் குடுக்க வந்திருக்கீங்களா?

— ஆமா அத்தை. வந்து... ஒத்து வரலை.

— ரொம்ப சந்தோஷம். ஒன்றரை வருஷம் யோசிச்சுக் கண்டுபிடிச்சிருக்கீங்க. எதுக்கு ஒத்து வரலை, சோபா கலருக்கா?

— கிண்டல் பண்ணாதீங்க அத்தை.

— நாய் வளர்த்து விக்கிறவளுக்குக் கிண்டல் பண்ண ஏது நேரம்? சும்மா நிக்காம இந்தக் குட்டியைத் தராசுல வைங்க. ஐயோ, கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க, அடியில கை குடுங்க. ம்... தொள்ளாயிரத்து இருபது கிராம். நேத்தைவிட நாப்பது கூட. சமத்து. சொல்லுங்க, என்ன பண்ணிட்டான் மானேஜர்? வீட்டுல எல்லாரையும் மேய்க்கிறான்னு என் பொண்ணு ஆசையா வெச்ச பேராச்சே.

— கடிக்கிறான். குதிகாலைப் பார்த்துக் கடிக்கிறான்.

— யார் குதிகாலை?

— என்... என்னோடதைத்தான்.

— எப்போ?

— வாசக் கதவைத் திறக்கும்போது. கையில பெட்டி இருந்துட்டா அவ்வளவுதான், குறுக்க படுத்துப்பான். தாண்டினா கடி.

— அடேங்கப்பா! ஆடு மேய்க்கிற ஜாதி நாய் மேய்க்குதுன்னு புகார். மீன் வாங்கிட்டுப் போனா, ஐயோ நீந்துதேன்னு தூக்கிட்டு வருவீங்க போல.

— அதில்லை அத்தை...

— அன்னைக்கே சொன்னேனா இல்லையா? மந்தையில ஒண்ணு தனியாப் பிரிஞ்சு போனா, குதிகாலை லேசாக் கவ்வித் திருப்பிக் கொண்டாந்து சேர்க்கும். யாரும் சொல்லித் தர்றதில்லை, அது ரத்தத்துல இருக்கு. ஓட விடுங்க, மூளைக்கு வேலை குடுங்க, ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கூட்டிட்டுப் போங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன். படிச்சீங்களா?

— உங்க பொண்ணு படிச்சா.

— ரொம்ப சந்தோஷம். நீங்க பேப்பர் தரத்தைப் பார்த்திருப்பீங்க. ராத்திரி எங்க படுக்கிறான்?

— எங்கயும் படுக்கறதில்லை. ஹாலுக்கும் ரூமுக்கும் நடந்துகிட்டே இருக்கான். என்னை வந்து மோந்து பார்ப்பான். அப்புறம் அங்க போய்...

— அங்க போய்?

— உங்க பொண்ணை மோந்து பார்ப்பான்.

— ஹால்ல யாரு படுக்கறது?

— நான்தான். முதுகு வலி. சோபா கொஞ்சம் இதமா...

— முதுகு வலிக்கு சோபாவா! எந்த டாக்டர் எழுதிக் குடுத்தார்? எனக்கும் நம்பர் குடுங்க. எத்தனை நாளா இந்த வைத்தியம்?

— ரெண்டு மாசம்.

— கடிக்கிறது எப்போலேருந்து?

— அதே... ரெண்டு மாசம்.

— சரியாப் போச்சு. பெட்டியும் கையுமா வாசலுக்குப் போறது நீங்க, பழி மட்டும் நாய்க்கு. என் பொண்ணும் வாயைத் திறக்கலை பாருங்க, நேத்துகூட போன்ல எல்லாரும் சௌக்கியம்னா. நாயைக் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்தேன் மாப்பிள்ளை. பால்கனிக் கம்பி இடைவெளியைக்கூட அளந்து பார்த்தேன். பொண்ணைக் குடுக்கறப்ப ஒரே தடவை வந்து, காபி பிரமாதம்னு சொல்லிட்டுப் போனேன். என்னைச் சொல்லணும்!

— என்ன வேணா சொல்லுங்க அத்தை. அவனை மட்டும் இங்க வெச்சுக்கங்க. இன்னைக்கே.

— வெச்சுக்காம? நான் குடுத்த எந்த நாயும் கண்டவங்க வீட்டுக்குப் போகக் கூடாது, என்கிட்டதான் வரணும். அது என் சட்டம். ஆனா அதுக்கு முன்னாடி காலைக் காட்டுங்க.

— எதுக்கு?

— கவ்வினானா, கிழிச்சானான்னு பார்க்கணும். தோல் கிழிஞ்சிருந்தா, அதோ படுத்திருக்காளே அவன் அம்மா, அவளை இனிமே குட்டி போட விடமாட்டேன். இந்த ஆறு குட்டிக்காகக் காத்துகிட்டிருக்கற வீட்டுக்கெல்லாம் போன் பண்ணி உண்மையைச் சொல்லணும். அதுல ரெண்டு வீட்டுல கைக்குழந்தை. மாமியார்னு கூச்சப்படாம சாக்ஸைக் கழட்டுங்க.

— வேணாம் அத்தை. தோல் கிழியலை. பல் தடம்தான்.

— அதை நான் பார்த்துச் சொல்றேன். ம், கழட்டுங்க. அந்தக் காலையும்... என்ன மாப்பிள்ளை இது? ஒரு கீறல் இல்லை! ரெண்டு மாசமாக் கடி வாங்கின காலு, செருப்பு விளம்பரத்துக்கு அனுப்பலாம் போல இருக்கு. வாயில்லாத ஜீவன் மேல பொய்ப் புகாரா? என் பொண்ணை விட்டுட்டுப் போறதுக்கு நாய் இடைஞ்சல்னா நேராச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?

— பொய் இல்லை. நிஜமாவே தடம்தான். ஐஸ் வெச்சு விட்டது நான்தான், எனக்குத் தெரியும். நீங்க யாருக்கும் போன் பண்ண வேணாம்.

— எந்தக் காலுக்கு ஐஸ் வெச்சீங்க? மூணாவது கால் ஏதாவது வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கீங்களா?

— உங்க பொண்ணு காலுக்கு அத்தை. பெட்டியோட நாலு தடவை வாசல் வரைக்கும் போனா, நாலு தடவையும் அவன் திருப்பிக் கொண்டாந்து என் சோபா முன்னாடி நிறுத்திட்டான்; நாளைக்காவது அவ நிம்மதியாக் கிளம்பட்டும்.