கண்ணுக்குள் ஆர்பிட்

படகுத்துறை ஜெட்டிக்குப் போகும் பேருந்தில், மருத்துவமனை நிறுத்தத்தில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். கணவரின் இடது கண் கன்றி வீங்கியிருந்தது.

“ஆர்பிட் உடைஞ்சிருச்சாம்,” என்றார் அவர்.

“ஆர்பிட்டா? அது நிலா பூமியச் சுத்துற பாதை தானே? பாப்பா புக்குல இருக்கே.”

“எனக்கும் அதான் தெரியும். டாக்டர் அதைத்தான் சொன்னாரு. ஆப்பரேஷன் பண்ணணுமாம்.”

“வானத்துல உள்ளது கண்ணுக்குள்ள எப்படிங்க வரும்? கேக்க வேண்டியதுதானே?”

“வெக்கமா இருந்துச்சு லா. தலையாட்டிட்டு வந்துட்டேன்.”

“மோட்டார் சைக்கிள்லேருந்து விழுந்ததுல காது அடைச்சிருக்கும். தப்பாக் கேட்டிருப்பீங்க.”

அவர் மனைவியையே பார்த்தார்.

“என்ன பாக்குறீங்க?”

“காலையிலேருந்து நீ ரெண்டா தெரியிற. அதையும் டாக்டர்கிட்ட சொல்லல.”

“இப்பவுமா?”

“இப்பவும்தான். ரெண்டு பேரும் அழுறீங்க.”

கண் பதிந்திருக்கும் எலும்புக் குழிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான் என்று நான் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், அந்த அம்மா மணியை அழுத்திவிட்டார். சூலியா தெருவில் இறங்கி, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே மருத்துவமனைக்கு நடந்தார்.