நீலமும் மஞ்சளும் சேர்ற இடம்

செல்லம்மா: ...கதவை இழுத்துச் சாத்துங்க. வெளிச்சம் கோடா உள்ள விழுது.

சாயக்காரர்: சாத்தியாச்சு. கொஞ்சம் தள்ளிக்கோங்க, இன்னைக்கு நான் முதல்ல பார்க்கறேன்.

செல்லம்மா: அதிசயமா இருக்கே. எப்பவும் நான்தானே மைக்ராஸ்கோப்புல கண்ணை வெச்சுக் கதை சொல்லுவேன், நீங்க எழுதிப்பீங்க?

சாயக்காரர்: கடைசி நாளாவது நீங்க எழுதுங்க. நாளைக்கு இந்நேரம் உங்களுக்குப் புது ஊர், புது லேப்...

செல்லம்மா: போகாதீங்கன்னு இங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒருத்தரைத் தவிர.

சாயக்காரர்: லைட்டையும் அணைச்சுடறேன்.

செல்லம்மா: சரி விடுங்க. என்ன தெரியுது?

சாயக்காரர்: இருட்டுதான். உங்க செல் எல்லாம் அசந்து தூங்குது.

செல்லம்மா: நான் வளர்த்த பிள்ளைங்க, வேற எப்படி இருக்கும்?

சாயக்காரர்: இதுக்குத்தான் செல்லம்மான்னு பேர் வெச்சேன். இருங்க... நீலம். அதோ, ஒண்ணு நீலமாகுது. செல்லை அரிக்கற பெராக்சைடு இருக்கு.

செல்லம்மா: பாவம், செல்லு சிரமப்படுது. அதைத் தணிக்கற குளூட்டாதயோன்? அது வந்தா மஞ்சள்னு சொன்னீங்களே.

சாயக்காரர்: பொறுங்க... ஓரத்துல மஞ்சள். மெல்ல மெல்ல உள்ள வருது. என் சாயமா இதுன்னு எனக்கே நம்ப முடியல.

செல்லம்மா: ஒரே சாயம் ரெண்டையும் பிடிச்சிருச்சா?

சாயக்காரர்: பிடிச்சிருச்சு. ரெண்டும் வெளிச்சமாச்சே, சேர்ற இடம் பச்சையா இல்லாம வெள்ளையா... நீங்களே பாருங்களேன்.

செல்லம்மா: ...ஆமா. வெளியில பட்டப்பகல்னு சொன்னா நம்பவே மாட்டேன். கண்ணை எடுக்க மனசு வரல.

சாயக்காரர்: ம்.

செல்லம்மா: ஒண்ணு கேக்கட்டுமா? பழைய சாயம் சிவப்பு, பச்சைன்னு நல்லாத்தானே காட்டுச்சு. அதை ஓரங்கட்டிட்டு, முதல்லேர்ந்து ஏன் இவ்வளவு பாடு?

சாயக்காரர்: இது இன்னும் பளிச்சுன்னு...

செல்லம்மா: பொய்.

சாயக்காரர்: ...எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும். பிறந்ததிலேர்ந்தே. நீங்க கதை சொல்லச் சொல்லத்தான் என் பொழப்பு ஓடுச்சு.

செல்லம்மா: அப்ப நான் போனதும் தனியா சமாளிக்கத்தான் இந்த நீலமும் மஞ்சளுமா?

சாயக்காரர்: நீங்க நிம்மதியா போகணும்ல. எனக்குக் கண்ணு வேணும்னு உங்களைப் பிடிச்சு வெச்சுக்க முடியுமா?

செல்லம்மா: அவ்வளவுதானா?

சாயக்காரர்: ...இன்னொண்ணு. நீங்க பார்க்கற நிறத்தை, ஒரு தடவையாவது அப்படியே நானும் பார்க்கணும்னு ஆசை.

செல்லம்மா: லைட்டைப் போடுங்க. நான் என்ன கலர் போட்டிருக்கேன்?

சாயக்காரர்: நீலம். நீங்க எப்பவும் நீலம்தானே?

செல்லம்மா: வேலையில சேர்ந்த அன்னைக்கு, இந்தச் சிவப்பு உங்களுக்கு நல்லா இருக்குன்னு சொன்னீங்க. நான் போட்டிருந்தது பச்சை. அன்னையிலேர்ந்துதான் கேக்காமலே கலர் கலரா கதை சொன்னேன், அன்னையிலேர்ந்துதான் நீலம் மட்டும் எடுக்கறேன்... புது லேப்காரங்ககிட்ட நான் வரலைன்னு காலையிலேயே சொல்லிட்டேன். நீங்களா வாயைத் திறப்பீங்களான்னுதான் பார்த்துட்டிருந்தேன். லைட்டை அணைங்க, இன்னொரு தடவை பார்க்கலாம்.