கரையோரம் நாற்பது புள்ளிகள்

— துறையோட வாயைச் சின்னதாக்கினா உள்ள அலை கூடுமா? ஆக்லாந்துல படிச்சுட்டு வந்தும் மாமனைக் கேலி பண்றதை விடலையா சியாலே?

— கேலி இல்ல, மாஃபி மாமா. பாதி அடைச்சாலே போதும், உள்ள ஒரு படகும் நிக்காது.

— போன புயல்ல ஆறு படகு உடைஞ்சுதே, அதுக்குத்தானே கல்லைப் போட்டு அடைக்கப் போறோம்!

— புயல் அலை குறையும். ஆனா நீளமா, மெதுவா வர்ற அலை உள்ள நுழைஞ்சா, வெளிய ஓட வழியில்லாம ஊஞ்சல் மாதிரி ஏறிக்கிட்டே போகும். படத்தைப் பாருங்க.

— கரையைச் சுத்தி எறும்பு மொய்ச்ச மாதிரி இருக்கு.

— நாற்பது புள்ளி.

— நடுத் தண்ணியில?

— ஒண்ணுகூட இல்ல.

— அப்புறம் நடுவுல நடக்கிறது எப்படித் தெரியும்? கனவுல வந்துச்சா?

— அதானே மாமா அதிசயம்! கரையில ஒரு இடத்துல தண்ணி எவ்வளவு ஏறும்ங்கிறது, மத்த எல்லா இடத்தையும் கூட்டினாத்தான் தெரியும். தொகையீட்டுச் சமன்பாடுன்னு பேரு. முழுக்கரையையும் கூட்ட முடியாது. நாற்பது இடத்துல நின்னு கூட்டுறோம். நாற்பதும் ஒண்ணையொண்ணு நம்பித்தான் இருக்கு, அதனால நாற்பதையும் ஒரே நேரத்துல கேக்குறோம். கரை பதில் சொல்லிட்டா, நடுவுல எங்க விரலை வெச்சாலும் கணக்கு சொல்லிடும்.

— நாற்பது போதுமா?

— எண்பது வெச்சும் பார்த்தேன். பதில் அசையல. எனக்கே புல்லரிச்சுப் போச்சு.

— சரி மேதாவி. என் படகு நிக்கிற நடு இடம். அங்க என்னவாம்?

— பாதி அடைச்சா, அங்க தண்ணி ஏறாது, இறங்காது. பக்கவாட்டுல இழுக்கும். ரெண்டு நிமிஷம் கிழக்க, ரெண்டு நிமிஷம் மேற்க. காத்தே இல்லாட்டியும் நங்கூரக் கயிறு அறுந்துடும்.

— ரெண்டு நிமிஷமா?

— ஏன் மாமா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? திங்கக்கிழமை கல்லை இறக்காதீங்க, அவ்வளவுதான். அக்கா மக கேட்டா தாய்மாமன் மறுக்கக் கூடாது, அதானே நம்ம தீவு வழக்கம்.

— பன்னியைக் கேட்டே, குடுத்தேன். கல்யாணப் பாயைக் கேட்டே, குடுத்தேன்.

— இப்ப கல்லைக் கேக்குறேன்.

— நேத்து காத்தே இல்ல, சியாலே. ஆனா படகு ரெண்டு ரெண்டு நிமிஷமா அங்கயும் இங்கயும் இழுபட்டு, என் கயிறு அறுந்துச்சு. எலி கடிச்சிருக்கும்னு நெனச்சேன்.

— நேத்தா? வாய் திறந்திருக்கறப்போ அப்படி நடக்கவே நடக்காதே! அப்ப என் கணக்கு தப்பு மாமா. மொத்தமும் தப்பு.

— கணக்குல தப்பில்லடி. நம்ம ஊரை ஆளுற பிரபு விருந்துக்கு வர்றதுக்குள்ள பாதி வேலையாவது முடிஞ்சிருக்கணும்னு, புதன்கிழமையே தண்ணிக்கடியில கல்லை இறக்கிட்டோம்.